மறுமுனையின் விளக்கு: கம்பிவழிப் பேச்சுக் கருவிகளின் முகப்பைப் பற்றி ஓர் ஆய்வு

தூரத்திலிருக்கும் ஒருவரோடு கம்பியின் வழியே பேசுவதற்கென்று மேஜைமீது அமர்த்தப்படும் கருவி எதுவாக இருந்தாலும், அதன் முகப்பில் சில பட்டன்களும், ஒன்றிரண்டு குமிழ்களும், சிறு விளக்குகளும், ஒரு மணியும் பெரும்பாலும் இருக்கும். அந்த முகப்பைப் பார்த்தே அதை இயக்குபவர் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, தாம் அழைத்தது அவருக்கு எட்டியதா, அவர் சொன்னபடி செய்துவிட்டாரா என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொறியியல் நூல்களில் இந்தப் பொருளுக்குப் பெரும்பாலும் ஒரு படமும் ஓர் அட்டவணையுமே ஒதுக்கப்படுகின்றன. ஆனால் முகப்பிலுள்ள ஒரு விளக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைப் பொறுத்தே மனித உயிர்கள் பிழைத்ததும் மடிந்ததும் உண்டாகையால், இவ்விஷயம் தனியே ஆராயத் தக்கது என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்கு வேண்டிய உதாரணங்களுக்காக வெகுதூரம் செல்லவும் வேண்டியதில்லை. தேனி வழியே போடிநாயக்கனூர் வரை செல்லும் இருப்புப் பாதையும், கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் லோயர்கேம்ப்பில் இருக்கும் பெரியாறு மின்நிலையமும் நமக்குப் போதிய சான்றுகளைத் தருகின்றன.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஆகிய ஊர்களைத் தொட்டு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் இந்தப் பாதை 1928-ல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. ஏலமலைகளின் விளைச்சலை மதுரைக்குக் கொண்டுசேர்ப்பது அதன் பிரதான நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டு, பின்னர் உயிர்பெற்று, 2010-ஆம் ஆண்டின் முடிவில் அகலப் பாதையாக மாற்றும் பணிக்காக மீண்டும் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்காலம் காத்திருந்த பிறகு, 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் வந்து சேர்ந்தது. இது ஒற்றைப் பாதை என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம் என்ற விதியைக் காப்பதற்கு, அந்த நிலையங்களில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் காணாமலே ஒருமனப்பட்டாக வேண்டும். அதற்காக அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பவை கம்பியும் கருவியுமே.

ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையைச் சுற்றிலும் பொதுவாக மூன்று வகைப் பேச்சுச் சாதனங்கள் இருக்கும். மதுரைக் கோட்டத்துக் கட்டுப்பாட்டு அறையோடு இணைந்த கண்ட்ரோல் போன் ஒன்று. ரயில்வே கேட்டுகளில் இருக்கும் கேட் கீப்பர்களோடு பேசும் போன் மற்றொன்று. பக்கத்து நிலையத்தோடு வண்டியைப் பற்றி உடன்பாடு செய்துகொள்ளும் பிளாக் கருவி மூன்றாவது. இம்மூன்றின் முகப்புகளும் மூன்று வெவ்வேறு கொள்கைகளின்மேல் எழுந்தவை. அவற்றை ஒப்புநோக்கினால் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடுகிறது.

கண்ட்ரோல் போனின் விசேஷம் என்னவென்றால், ஒரு பிரிவிலுள்ள நிலையங்கள் யாவும் ஒரே ஜோடிக் கம்பியில் தொங்குகின்றன. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ட்ரோலரை அழைக்க மணி அடிக்க வேண்டியதில்லை. ரிசீவரை எடுத்துப் பேசினால் போதும், ஏனெனில் கண்ட்ரோலர் இடைவிடாமல் செவிகொடுத்துக்கொண்டிருப்பவர். கண்ட்ரோலர் ஒரு நிலையத்தை அழைக்க விரும்பும்போதுதான் சிக்கல் எழுகிறது. எல்லோரையும் எழுப்பாமல் ஒருவரை மட்டும் எழுப்ப வேண்டும். இதற்காக நெடுங்காலம் வழங்கிய பழைய முறையில், கண்ட்ரோலர் ஒரு சாவியைத் திருகினால் 17 மின் துடிப்புகள் மூன்று தொகுதிகளாகப் பிரிந்து கம்பியில் ஓடும். எந்த நிலையத்தின் சக்கரம் அதே பிரிவினைக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த நிலையத்தின் மணி மட்டுமே ஒலிக்கும். தொகுதி ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு துடிப்பு என்று வைத்துக்கொண்டால் 17-ஐ இவ்விதம் 78 வகையாகப் பிரிக்கலாம் என்பதனால், 78 நிலையங்கள் வரை ஒரே கம்பியில் கலவரமின்றி வாழலாம். பின்னர் இரண்டு இலக்க எண்ணை ஒலிகளாக அனுப்பும் முறை வந்து சக்கரங்களை ஓய்வுபெறச் செய்தது.

ஆனால் இரண்டு முறைகளிலும் மாறாமல் நின்ற ஓர் ஏற்பாடு உண்டு. நிலையத்தில் மணி ஒலிக்கும்போது, அந்த மணி ஒலிப்பதன் காரணமாகவே ஒரு மறுஒலி கம்பியில் திரும்பிக் கண்ட்ரோலரின் காதுக்கு வருகிறது. தாம் சாவியைத் திருகினோம் என்பது கண்ட்ரோலருக்கு முன்பே தெரியும். அதைக் கருவி அவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் மணி உண்மையாகவே அடித்ததா என்பதுதான் அவருக்குத் தெரியாதது. அறிவிப்பது மறுமுனையாக இருக்க வேண்டும் என்னும் இந்தக் கொள்கையை, முகப்புப் பலகை அமைக்கும் எவரும் முதற் பிரமாணமாகக் கொள்ள வேண்டும் என்பேன்.

இதே போனில் ரிசீவரின் கைப்பிடியில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால்தான் பேச்சு கம்பியில் ஏறும். பலர் ஒரே கம்பியில் இருப்பதால், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர்களின் அறைச் சத்தம், மின்விசிறியின் இரைச்சல், வாயிலில் நிற்கும் பயணிகளின் உரையாடல் இவை யாவும் கலந்து பேச்சைக் கெடுக்காதிருக்க இந்தப் பட்டன் காவல் செய்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதை அழுத்த மறந்து பேசிக்கொண்டே இருப்பது சகஜம். அவ்வாறு நேராமல் காப்பதற்கு விளக்கைவிட நல்ல சாதனம் ஒன்று உண்டு. தன் குரல் தன் காதிலேயே சற்று மெல்லக் கேட்கும்படி செய்வதைத் தொலைபேசிப் பொறியாளர்கள் சைட்டோன் என்பார்கள். அது அதிகமாக இருந்தால் பேசுபவர் தம் குரலைத் தாழ்த்திவிடுவார், குறைந்தால் கத்துவார், முற்றிலும் இல்லாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று எண்ணிக் கீழே வைத்துவிடுவார். ஆகவே அது கண்ணுக்குத் தெரியாத ஓர் அறிகுறி. பட்டனை அழுத்தியபோது மட்டும் அது கேட்குமாறு அமைத்தால், தம் பேச்சு கம்பியில் ஏறுகிறது என்ற நிச்சயம் பேசுபவருக்குத் தானாகவே பிறக்கிறது. எனினும் இது தம் பக்கத்துக் கருவியைப் பற்றிய சாட்சியே அன்றி, மறுமுனையைப் பற்றியதன்று என்ற எல்லையை மறக்கலாகாது.

இனிப் பிளாக் கருவிக்கு வருவோம். மற்றவற்றைவிடச் சற்று விரிவாக இதை நோக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பேச்சு மட்டும் போதாது என்ற ஞானம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கப்பட்டது என்பதை இதன் சரித்திரம் சொல்லுகிறது. 1874 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே மோதி 25 பேர் மாண்டனர். வண்டியை அனுப்பலாம் என்ற தந்திச் செய்தி, உரியவர் கையொப்பமிடுவதற்கு முன்பாகவே கம்பியில் சென்றுவிட்டது; அதைத் திரும்பப் பெற முயன்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது. தந்தி தன் வேலையைக் குறைவறச் செய்தது. ஆனால் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே பூட்டு இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் எட்வர்ட் டயர் என்பவர் வகுத்த டேப்லெட் என்னும் வில்லை முறையில் அந்தப் பூட்டு வந்தது. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால், அந்த ஜோடியிலிருந்து ஒரே ஒரு வில்லையை மட்டுமே வெளியே எடுக்க இயலும். வில்லையைக் கையில் பெறாத ஓட்டுநர் புறப்படக் கூடாது. நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில் பரவலாக வழங்கிய நீல்ஸ் பந்து டோக்கன் கருவி இந்தக் கொள்கையின் வழிவந்ததே. வளையம் பூட்டிய தோல்பையில் அந்த உருண்டையை வைத்து, ஓடும் இன்ஜினுக்கு நீட்டிய ஊழியர்களைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

அந்தக் கருவியின் முகப்பு எளிமைக்கு இலக்கணமாக விளங்கியது. ஒரு கைப்பிடி, அதற்கு மூன்று நிலைகள்: பாதை மூடியிருக்கிறது, ரயில் வருகிறது, ரயில் செல்கிறது. ஒரு மணி, அதை அடிக்க ஒரு பட்டன். இவ்வளவே. மணி அடிப்பதற்கும் ஒரு மொழி வகுக்கப்பட்டது. ஒரு அடி என்றால் கவனி அல்லது போனை எடு என்று பொருள். இரண்டு அடி, பாதை கிளியரா என்று கேட்பது. மூன்று, வண்டி இரு நிலையங்களுக்கு இடையிலான பிளாக் பகுதிக்குள் நுழைகிறது. நான்கு, வண்டி வெளியேறிவிட்டது. ஆறு அடி வந்தால் அபாயம், பாதையில் தடை இருக்கிறது. ஒவ்வொன்றையும் பெற்றவர் அப்படியே திருப்பி அடித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அனுப்பியவர் எண்ணிய எண்ணும் திரும்பி வந்த எண்ணும் பொருந்தினால்தான் செய்தி முடிந்ததாகக் கருதப்படும்.

பிற்காலத்தில் டோக்கன் இல்லாத பிளாக் கருவிகள் வந்தன. கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரிலுள்ள ரயில்வே சிக்னல் தொழிற்சாலையில் செய்யப்பட்ட பட்டன் வகைக் கருவி இவற்றுள் பிரசித்தி பெற்றது. போத்தனூர்க் கருவி என்றே அதை ஊழியர்கள் அழைத்தனர். கைப்பிடியின் இடத்தைப் பட்டன்களும், அதன் நிலைகளின் இடத்தை விளக்குகளும் பிடித்துக்கொண்டன. மணிப் பட்டன், ரயில் செல்லும் பட்டன், பாதையை மூடும் பட்டன் என்று தனித்தனியே அமைத்தார்கள். அனுப்பும் நிலையத்தில் பட்டனை அழுத்திய மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்துவிடாது. பெறும் நிலையம் இசைந்த பிறகே எரியும். வண்டி உள்ளே நுழைந்ததும் சிவப்பு எரிந்து, எவர் விரும்பினாலும் கையால் அணைக்க முடியாதபடி நின்றுவிடும். இக்காலத்தில் இதற்கும் மேலே சென்று, பகுதியின் இரு முனைகளிலும் அச்சுகளை எண்ணும் சாதனங்களை வைக்கிறார்கள். உள்ளே நுழைந்த அச்சுகளும் வெளியேறிய அச்சுகளும் சமமானால்தான் பாதை காலி என்ற குறி தோன்றும். நுழைந்த வண்டியில் ஒரு பெட்டி கழன்று பின்தங்கியிருந்தால் கணக்கு இடிக்கும், சிவப்பு அணையாது.

இப்படிப்பட்ட முகப்புகளில் என் மனத்தைக் கவர்ந்த இரண்டு அம்சங்களைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் சாவி ஒன்று. அதை எடுத்துவிட்டால் பட்டன்கள் பயனற்றுப் போகும். விளக்குகள் மட்டும் நிலைமையைக் காட்டிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு, செய்வதற்குப் பொறுப்பேற்றவருக்கே உரிமை என்ற வேறுபாட்டை இந்தச் சிறு சாவி நிலைநாட்டுகிறது. மற்றொன்று, அவசரத்தில் பூட்டை மீறி ஒரு காரியத்தைச் செய்ய வைத்திருக்கும் பட்டனோடு இணைந்த எண்காட்டி. ஒவ்வொரு தடவை அதை அழுத்தும்போதும் எண் ஒன்று கூடும், பின்னோக்கிச் செல்லாது, எண்ணையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். விளக்கு இப்போது நிற்பவருக்குச் சொல்லுகிறது. எண்காட்டி நாளை வந்து விசாரிப்பவருக்குச் சொல்லுகிறது.

எஞ்சியிருக்கும் கேட் போனில்தான் நம் கவலை தொடங்குகிறது. அதன் முகப்பில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். பழைய வகையில் ஒரு கைச்சுழலி; அதைச் சுற்றினால் சிறு மின்னாக்கி மறுமுனை மணியை அடிக்கும். கேட்டின் கதவுகள் சிக்னலோடு இண்டர்லாக் செய்யப்பட்டிருந்தால், கதவு மூடிப் பூட்டப்படாமல் சிக்னல் இறங்காது. பேச்சில் பிழை நேர்ந்தாலும் இரும்பு பிழை செய்யாது. இண்டர்லாக் செய்யாத கேட்டிலோ, கதவு மூடியதா என்பதை ஸ்டேஷன் மாஸ்டர் அறிய ஒரே வழி, கேட் கீப்பரின் குரல்.

அந்தக் குரலைச் சாட்சியாக்குவதற்கு ரயில்வே ஒரு நுட்பமான உபாயத்தைக் கையாளுகிறது. பிரைவேட் நம்பர் என்று சொல்லப்படும் எண்கள் ஒழுங்கின்றி அச்சிடப்பட்ட தாள் ஒன்று கேட் கீப்பரிடம் இருக்கும். கதவை மூடிப் பூட்டிய பிறகு அவர் அதிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி அடித்துவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஒருமுறை சொன்ன எண் திரும்ப வராது. ஆகவே ஊகத்தினாலோ வழக்கத்தினாலோ அந்த எண்ணைச் சொல்ல முடியாது. முகப்பில் இல்லாத விளக்கின் ஸ்தானத்தை இந்த எண் வகிக்கிறது. அதன் குறை எங்கிருக்கிறதென்றால், விளக்கைக் கதவே ஏற்றும். எண்ணை மனிதர் சொல்லுகிறார். கதவு மூடுவதற்கு முன்பும் எண்ணைச் சொல்ல இயலும்.

2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் இண்டர்லாக் செய்யாத ஒரு கேட்டில் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பயணிகள் ரயில் பள்ளி வாகனத்தின்மீது மோதி மூன்று மாணவச் செல்வங்கள் பலியானார்கள். அந்தத் துயரத்தைத் தொடர்ந்து, கேட்டுகளின் போன் உரையாடல் பதிவுகளை நாள்தோறும் சரிபார்க்க வேண்டும் என்றும், கேட்டுகளில் கேமரா பொருத்த வேண்டும் என்றும், இண்டர்லாக் செய்வதற்கான வரம்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. நாளொன்றுக்குச் செல்லும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்கி வரும் தொகையே இந்த வரம்பு. அது 20,000-லிருந்து 10,000 ஆயிற்று. உரையாடலைப் பதிவு செய்வதும் கேட்டுப் பார்ப்பதும் ஒழுக்கத்தை வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவு என்பது நடந்தபின் பேசுவது. நடப்பதற்கு முன் தடுப்பது இண்டர்லாக் ஒன்றே. ஆகையால் அந்த மூன்று உத்தரவுகளில் கடைசியானதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

பேச்சை மட்டும் நம்புவதில் மொழியும் ஓர் இடர். போடிப் பாதை அடங்கியிருக்கும் அதே மதுரைக் கோட்டத்தில், 2019 மே மாதத்தில் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே, கருவிகள் பழுதுற்ற வேளையில், ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் பேசி வண்டிகளை நடத்த நேர்ந்தது. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமல், ஒரே பகுதியில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வரும் நிலை ஏற்பட்டு, விபத்து மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. அடுத்த மாதம் தென்னக ரயில்வேயின் சுற்றறிக்கை ஒன்று, ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே பேச வேண்டும், மாநில மொழிகளைத் தவிர்க்க வேண்டும் என்று கூறி, தமிழகமெங்கும் எழுந்த எதிர்ப்பினால் உடனே திரும்பப் பெறப்பட்டது. மக்கள் பேசும் மொழியைத் தவிர்ப்பதால் மக்களின் பாதுகாப்பு வளரும் என்ற எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். கேட் கீப்பரிடம் வண்டிக்காரரும் ஆட்டுக்காரரும் பேசுவது தமிழில். பாதையில் தடை என்று ஓடிவந்து சொல்பவர் சொல்லப்போவதும் தமிழில். பொதுவான மொழி இல்லாத இருவரை ஒரே கம்பியின் இரு முனைகளில் அமர்த்தாதிருப்பதே நேரான பரிகாரம். கருவியின் முகப்பிலுள்ள எழுத்துகளிலும் தமிழ் இடம்பெற வேண்டும்.

இருப்புப் பாதையை விட்டுப் பள்ளத்தாக்கின் மேல்கோடிக்குச் சென்றால், இதே கேள்வி வேறு உருவத்தில் நம்மை எதிர்கொள்ளுகிறது. முல்லைப் பெரியாற்றின் நீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகப் பக்கம் வந்து, நான்கு ராட்சசக் குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப்பில் மின்சாரமாகிறது. 1958-ல் தொடங்கிப் படிப்படியாக நிறுவப்பட்ட நான்கு எந்திரங்களும் நிறுவப்பட்டபோது ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனுடையவையாக இருந்தன. மேலே மதகு, இடையே வால்வு, கீழே எந்திரக் கூடம், அப்பால் கட்டுப்பாட்டு அறை என்று ஒரே காரியம் பல உயரங்களில் நடைபெறும் இத்தகைய நீர்மின் நிலையங்களில் கம்பிவழிப் பேச்சு இன்றியமையாதது. எந்திரக் கூடத்தின் இரைச்சலில் சாதாரண மணி காதில் விழாது. அதனால் அழைப்பு வந்ததைச் சுழலும் விளக்காலோ ஊதுகுழலாலோ காட்ட வேண்டும். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எச்சரிக்கைச் சன்னல்களை வரிசையாக அமைத்திருப்பார்கள். பழுது நேர்ந்ததும் ஒரு சன்னல் மின்னி மின்னி எரியும், ஊதுகுழல் அலறும். ஊழியர் ஏற்புப் பட்டனை அழுத்தினால் ஒலி நிற்கும், விளக்கு மின்னுவதை விட்டு நிலையாக எரியும்; பழுது நீங்கிய பின்னரே மற்றொரு பட்டனால் அணைக்க முடியும். நான் பார்த்துவிட்டேன் என்பதும், காரியம் சரியாகிவிட்டது என்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை இந்த இரண்டு பட்டன்கள் தெளிவாக்குகின்றன.

அதே சுவரில் எல்லா விளக்குகளையும் ஒருசேர எரிய வைத்துப் பார்க்கும் பட்டன் ஒன்றும் இருக்கும். விளக்கு எரியவில்லை என்றால் பழுதில்லை என்றும் பொருள்படும், விளக்கே எரிந்துபோயிற்று என்றும் பொருள்படும். இந்தச் சந்தேகத்தை நீக்குவது அந்தப் பட்டன். வீட்டு வாசல் இண்டர்காம் முதல் அலுவலக இண்டர்காம் வரை மலிவான கருவிகளில் முதலில் கைவிடப்படுவது இதுவே என்பது வருத்தத்திற்குரியது.

விளக்கு பொய் சொல்வது எவ்வளவு கொடியது என்பதற்கு உலகமறிந்த சாட்சி, அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28-ஆம் தேதி நடந்த விபத்து. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கோ அணைந்துவிட்டது. ஏனென்றால் அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அன்று, வால்வை மூடும்படி மின்கட்டளை சென்றதை மட்டுமே. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டதாக நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டளை போயிற்று என்பதையும் காரியம் ஆயிற்று என்பதையும் ஒரே விளக்கால் காட்டத் துணிந்த சிக்கனத்தின் விளைவு அது.

நாடக மேடைகளிலும் ஒளிபரப்பு நிலையங்களிலும் வழங்கும் கம்பிவழி இண்டர்காமைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய கிளியர்-காம் நிறுவனம் இசை நிகழ்ச்சிகளின் பேரிரைச்சலுக்கு நடுவே பேசுவதற்காக வகுத்த முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. மூன்று முனைக் கம்பி ஒன்றிலேயே மின்சாரமும் பேச்சும் அழைப்புக் குறியும் செல்லும். அதன் முகப்பில் பேசும் பட்டன், ஒலி அளவுக் குமிழ், சைட்டோன் திருகு, அழைப்பு விளக்கு ஆகியவை காணப்படும். காதுக் கருவியைக் கழற்றி வைத்தவரையும் கூப்பிட வேண்டியிருப்பதால் அழைப்பு விளக்கு அங்கே முக்கியமாகிறது. மருத்துவமனைப் படுக்கையருகே நோயாளி அழுத்தும் பட்டனிலும் போற்றத்தக்க ஒரு நியதி உண்டு: அறை வாயிலில் எரியும் விளக்கைச் செவிலியர் தம் மேஜையிலிருந்தே அணைக்க முடியாதபடி, படுக்கையருகே வந்துதான் அணைக்க முடியுமாறு அமைப்பது. அணைக்கும் பட்டனை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே கடமை நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்கள் ஆண்களிடையே அபூர்வமல்ல. ரயில்வேயில் அதற்குச் சோதனை உண்டு, பிற இடங்கள் பலவற்றில் இல்லை. ஆகவே நிறத்தோடு இடமும் எழுத்தும் சேர்ந்தே பொருளுணர்த்த வேண்டும்.

ஒலி அளவுக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. அழைப்பு மணியின் ஒலியை முற்றிலும் அடக்கிவிடக்கூடிய குமிழை, உயிர்காக்கும் எந்தக் கருவியிலும் வைக்கலாகாது. இரவில் சற்றுக் குறைக்கட்டும். பூஜ்யத்துக்குப் போகாதபடி ஓர் அடி எல்லை இருக்கட்டும்.

தேனி நகருக்குள் மதுரைச் சாலையை இருப்புப் பாதை குறுக்கே வெட்டுகிறது. கேட் மூடும்போதெல்லாம் சாலை நெரிசலைக் கண்டு அலுத்த மக்களுக்கு மேம்பாலம் ஒன்றே நிரந்தரத் தீர்வு. பாலம் வரும் இடத்தில் கேட்டும் போகும், கேட் போனும் போகும். ஆனால் ஆண்டிபட்டிக்கு அப்பாலும் போடிக்கு இப்பாலும் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே பாதையைக் கடக்கும் சிறு சாலைகள் எல்லாவற்றுக்கும் பாலம் கட்டுவது நெடுங்காலப் பணி. அதுவரையில், கதவின் தாழ்ப்பாளிலேயே ஒரு மின்தொடுப்பை வைத்து, தாழ்ப்பாள் விழுந்தால் மட்டுமே ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையில் ஒரு விளக்கு எரியும்படி, பேச்சுச் செல்லும் அதே கம்பித் தடத்தில் ஒரு ஜோடியை ஒதுக்கித் தருவது பெரிய செலவன்று. முழு இண்டர்லாக்குக்கு அது ஈடாகாது, சிக்னலைப் பூட்டாது. எனினும் எண்ணைச் சொல்லும் குரலோடு கதவின் சாட்சியும் சேர்ந்து வரும். இரண்டும் பொருந்தாத நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னலை இறக்காமல் மறுபடியும் சுழலியைச் சுற்றுவார்.